மூன்று நிமிடம் அதிகம்

பல் டாக்டருக்கு இரண்டு விஷயங்கள் தாங்காது. ஒன்று, மரத்துப்போக ஊசி போட்ட பிறகும் கத்துகிற பேஷண்ட். இன்னொன்று, தப்பாகக் கட்டிய கப்பல்.

கிளினிக் நேரம் போக மீதி நேரமெல்லாம் மரத்தில் குட்டிக் குட்டிப் பாய்மரக் கப்பல்கள் கட்டுவார். மாடல் கப்பல் கிளப்பின் ஆண்டுப் போட்டியில் முதல் பரிசு அவருக்கென்றே எழுதி வைத்தது. ஒரு தடவை ஏதோ ஹோட்டல் வரவேற்பறையில் அலங்காரத்துக்கு நின்ற கப்பலின் கயிறுகளை, நாற்காலி போட்டு ஏறி அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டு இறங்கினார். அதற்கப்புறம் ஒரு மாதம் அவர் மனைவி அவரோடு வெளியே போகவில்லை.

கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவர் டைல்ஸ் கடைக்காரர். கட்டிய முதல் கப்பலைக் காட்ட டாக்டரை வீட்டுக்கு அழைத்தார்.

"எப்படி டாக்டர் நம்ம கப்பல்?"

மோசமில்லை என்பதே டாக்டருக்கு எரிச்சலாக இருந்தது. பாய்கள் காற்று வாங்கி முன்பக்கம் புடைத்திருந்தன. உச்சியில் கொடி மட்டும் பின்பக்கமாகப் பறந்தது. ஓடுகிற காரில்தான் கொடி அப்படிப் பறக்கும். பாய்க்கப்பலைத் தள்ளுவதே காற்று. பாய் எந்தப் பக்கமோ கொடியும் அந்தப் பக்கம். புதுசாகக் கட்டுகிற எல்லோரும் செய்கிற தப்பு. போட்டிக்கு வருகிறவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கப்பலுக்குக் கீழே விரித்திருந்த காகிதத்தைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்தது.

அந்தக் கப்பலின் அசல் வரைபடம். நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பல் பட்டறையில் கைப்பட மையால் வரைந்தது. பதினைந்து வருஷமாக டாக்டர் தேடாத இடமில்லை. அதன் நடுவில், டீ கிளாஸ் வைத்த வட்டம்.

"இதையா மேஜைக்கு விரிச்சிருக்கீங்க?"

"பழைய பேப்பர் கடையில கிடைச்சுது டாக்டர். பசை சிந்தி மேஜை பாழாகுதுன்னு வீட்டுல ஒரே திட்டு."

"எனக்குக் குடுத்துடுங்களேன்."

"குடுக்கலாம்னுதான் நினைச்சேன். நீங்க இவ்வளவு ஆசைப்படுறதைப் பார்த்தா, குடுக்கக் கூடாதுன்னு தோணுது!"

டாக்டர் போனில் நாலு படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சாப்பாடு இறங்கவில்லை.

"அதான் படம் எடுத்தாச்சே, இன்னும் என்னவாம்?" என்றாள் மனைவி.

"எக்ஸ்ரேயும் பல்லும் ஒண்ணாகுமா?"

மறுநாளே வேலையை ஆரம்பித்தார். பழுப்பேறிய காகிதம், அதே மை, அதே கோடுகள். டிகாஷனில் முக்கி, மனைவியின் ஹேர் டிரையரில் காய வைத்தார். கடைசியாக ஒரு கிளாஸில் டீ ஊற்றி, அளந்து பார்த்து, நடுவில் வைத்து எடுத்தார். போலிக்கும் அசலுக்கும் வித்தியாசம் அவருக்கே தெரியவில்லை.

வீடு எப்போது காலியாக இருக்கும் என்பதை, பல் காட்ட கிளினிக்குக்கு வந்த டைல்ஸ் கடைக்காரரின் மனைவியே வாயில் பஞ்சோடு சொன்னாள்.

"வியாழக்கிழமை வர முடியாது டாக்டர். குடும்பத்தோட ஒரு கல்யாணத்துக்குப் போறோம். காலைல போனா சாயங்காலம்தான்."

"கொப்பளிங்க" என்றார் டாக்டர்.

வியாழன், காலை பதினொரு மணி. கையுறை போட்டுக்கொண்டார். பல்லின் வேரைச் சுத்தம் செய்கிற ஊசி, பின்வாசல் பூட்டைத் திறந்தது. இருபது வருஷம் வாய்க்குள் வேலை பார்த்தவருக்கு ஒரு பூட்டு எம்மாத்திரம்? கப்பலைத் தூக்கி, அசலை உருவி, போலியை விரித்து, கப்பலை அதே இடத்தில் வைத்தார். கதவைப் பூட்டிவிட்டு வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தார். திட்டம் போட்டது ஒன்பது நிமிடம், ஆனது பன்னிரண்டு. மூன்று நிமிடம் அதிகம். பரவாயில்லை, ஈ காக்காகூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. நடுவர், ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன். முதல் வரிசையில், அக்கா கணவருக்குக் கைதட்டுவதற்காக டைல்ஸ் கடைக்காரரின் மச்சான் வந்திருந்தார். வேலை, போலீஸ் இன்ஸ்பெக்டர். இரண்டாம் வரிசையில் டாக்டர்.

டைல்ஸ் கடைக்காரர் பெருமையாக வரைபடத்தையும் கப்பலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். கேப்டன் பூதக்கண்ணாடியோடு அதன்மேல் குனிந்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஏசியிலும் டாக்டரின் சட்டைக் காலர் நனைந்தது.

"அபூர்வமான பொருள்" என்றார் கேப்டன். "இந்த டீ கறைதான் பாழ் பண்ணிடுச்சு."

டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி அந்தக் கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

கேப்டன் மைக்கைப் பிடித்தார். "முதல் பரிசு, டைல்ஸ் கடை சார். டாக்டர் அரை மார்க்ல ரெண்டாவது. அந்த அரை மார்க் கொடிக்கு! முதல் கப்பல்லயே கொடியைக் கரெக்டா முன்பக்கம் பறக்க விட்டிருக்காரே!"



டைல்ஸ் கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "முன்பக்கமா? நான் பின்பக்கமாத்தானே ஒட்டினேன்?"

"பூட்டின வீட்டுக்குள்ள யாரு மாமா வந்து திருப்பியிருப்பா?" என்று சிரித்தார் மச்சான்.

"தெரியலையே மாப்ள. இரு, பழையபடி ஒட்டிடறேன்" என்று டைல்ஸ் கடைக்காரர் கொடியைப் பிடித்து இழுக்கப் போக, இரண்டாம் வரிசையிலிருந்து டாக்டர் துள்ளி எழுந்தார்.

"ஐயோ, இழுக்காதீங்க! வியாழக்கிழமைதான் ஒட்டினேன், அந்தப் பசை இறுக நாலு நாள் ஆகும்!"