ஆறாம் நம்பர் கோடு

"பெரியவரே, கொஞ்சம் தள்ளுங்க. பலகையைத் தொறக்கணும்."

எலெக்ட்ரீஷியன் சொல்லியும் தையற்காரர் நகரவில்லை. ஆலமரம்போல் வேரோடி நின்றார்.

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் உள்ள சூரியத் தகடுகள் எவ்வளவு மின்சாரம் தருகின்றன, எந்த வீடு எவ்வளவு தின்கிறது என்று கோடு கோடாகக் காட்டும், படிக்கட்டடியில் மாட்டிய பலகை அது. குடியிருப்பவர்களுக்கே தலையும் புரியாது, வாலும் புரியாது. ஈரேழு உலகத்திலும் அதைக் கரைத்துக் குடித்தவர், அங்கே குடியே இல்லாத இந்தத் தையற்காரர் ஒருவர்தான்.

"கழட்டிடாதீங்க தம்பி. உங்க காலைப் பிடிச்சுக்கிறேன்."

"அட, விடுங்க! உங்களுக்கென்ன இதுல?" எலெக்ட்ரீஷியன் பதறிப் பின்வாங்கினார்.

"ஆறாம் நம்பர்ல எம் பொண்ணு இருக்கா. ராத்திரி டூட்டி நர்ஸு. பேச்சு வார்த்தை அத்துப் போச்சு. 'படியேறி வந்தீங்க, வீட்டையே காலி பண்ணிட்டுப் போயிடுவேன்'னுட்டா. அதான் ஒரு வருஷமா படியில கால் வைக்கல. மருந்து மாதிரி மூணு வேளை இங்க வந்து அவ கோட்டைப் பார்த்துட்டுப் போறேன்."

"கோட்டுல என்ன தெரியும்?"

"என்ன தெரியாது? காலையில மெல்ல ஏறும். டூட்டி முடிஞ்சு வந்து கரண்ட் அடுப்பைப் பத்த வெச்சுட்டா. மத்தியானம் உச்சிக்குப் போயிடும்; துவைக்கிற மெஷினு, மிக்ஸின்னு வீட்டையே புரட்டிப் போடுவா. அஞ்சு மணிக்கு இறங்கும், டூட்டிக்குக் கிளம்புறா. மழை நாள்ல மட்டும் சுருண்டு கிடக்கும். சின்னதுலேருந்தே மழைன்னா அவளுக்குத் தலைவலி. அன்னிக்கு எனக்கும் சோறு இறங்காது."

"பக்கத்துல 'சூரியன்'னு ஒரு கோடு இருக்கே?"

"அந்தச் சோம்பேறியா! பென்ஷன் வாங்கின ஆள் மாதிரி, மாட்டின நாள்லேருந்து படுத்தே கிடக்கு."

எலெக்ட்ரீஷியனுக்குச் சிரிப்பு வரவில்லை. சூரியத் தகடு ஒரு யூனிட்கூடத் தரவில்லை என்ற புகாருக்குத்தான் அவர் வந்திருந்தார். மாடியில் போய்ப் பார்த்தால் தகடுகள் குதிரையாக ஓடிக்கொண்டிருந்தன.

"கோட்டுக்குக் கீழ இருக்கிற பேர்ச் சீட்டை மாத்தி ஒட்டிட்டாங்கய்யா, மாட்டின அன்னிக்கே" என்றார் மெதுவாக.

இரண்டு சீட்டுகளையும் உரித்து இடம் மாற்றி ஒட்டினார். உச்சியில் நின்ற கோட்டின் கீழே 'சூரியன்'. தரையோடு தரையாகக் கிடந்த கோட்டின் கீழே '6'.

"அப்ப... எம் பொண்ணு?"

"பலகை மாட்டின நாள்லேருந்து அந்த வீட்ல ஒரு விளக்குகூட எரியலைங்கய்யா."