நடுக்கல்

அண்ணன் தம்பி பேரில் கூட்டுப் பட்டாவாக இருந்த நிலத்தைத் தம்பி மாரன் செத்தபின் பிரிக்க வந்த சர்வேயர், பாதியில் நின்றுவிட்டார். கோடு மாரனின் குழிமேட்டுக்குக் குறுக்கே போனது.

"எல்லக் கல்லு அவரு வயித்து மேல வருதும்மா."

எட்டு மாதம் தாலுகா ஆபீசுக்கு நடந்த கருப்பாத்தா புருசனின் மேட்டைப் பார்த்தாள்.

"கோட்டை வளைச்சு, குழிய முழுசா நீயே வெச்சுக்க அம்மிணி," என்றார் மாரனின் அண்ணன், மூத்தார் சென்னியப்பன். "கெணத்த மட்டும் எம்பக்கம் உட்ரு."

புருசனும் பெண்டாட்டியுமாக வெடி வைத்து, கல் சுமந்து இறக்கிய கிணறு; கோடு நேராகப் போனால் அவள் பக்கம் விழும்.

"அவரு சொமக்காத கல்லா மாமா? நேராவே நடுங்க சார்."

கல் நட வந்தவன் கடப்பாரையைத் தொடவில்லை. அவளே எடுத்து ஓங்கிக் குத்தினாள். மண் இன்னும் இறுகவில்லை. கடப்பாரை ஒரே குத்தில் பாதி இறங்கியது.