விழித்திரைப் படம்

பீளமேட்டில் சொந்தமாகக் கண் மருத்துவமனை நடத்தும் டாக்டர் கிருபாசங்கர், நேற்றுதான் வேலைக்குச் சேர்ந்த டாக்டர் பூஜிதா காட்டிய ஒரு பெண் நோயாளியின் விழித்திரைப் படத்தைப் பார்த்துப் பதறினார்.

"ரத்தக்குழாயெல்லாம் வீங்கி, சுத்தியும் ரத்தம் கசிஞ்சிருக்கே! ஹீமோகுளோபின் எவ்வளவு?"

"அஞ்சுதானுங்க சார். இரும்புச்சத்து ரொம்பக் கம்மிங்க."

"இப்பவே வைத்தியம் பண்ணினாப் பார்வை திரும்பிரும். ஆனா மாசக்கணக்கா வெளுத்துப்போய் நடமாடியிருப்பாங்களே, புருஷன் கண்ணுல படலையா? கூப்பிடுங்க அந்த ஆளை!"

"அந்தம்மா தனியாத்தான் வந்திருக்காங்க சார்."

"சரி, அவங்களையே வரச் சொல்லுங்க."

பூஜிதா கதவைத் திறந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவள், கிருபாசங்கரின் மனைவி நந்திதா.

"ஊட்ல நாலு தடவை சொன்னேனுங்க. நேரமில்லைன்னீங்க. அதான் டோக்கன் போட்டு வந்துபோட்டேன்."