ஐந்து எழுத்துப் பூட்டு

மாலை வெயில் ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பிகளில் மங்கிக் கிடக்கிறது. பஸ் டிரைவருக்குப் பக்கவாதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. வலது கை அசையவில்லை, வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. டாக்டர் கேட்ட பழைய ரிப்போர்ட்டுகள் அவருடைய டியூட்டிப் பையில் இருக்கின்றன. பையின் பூட்டில் எண்களுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள், ஐந்து சக்கரங்கள். மனைவி மகன் பெயரை வைத்துப் பார்த்துவிட்டாள். மகள் பெயரையும், கடைசியாகக் கொஞ்சம் கூச்சத்தோடு தன் பெயரையும். "என்னால ஆகல, போங்க" என்று பையை அவர் மடியில் போட்டுவிட்டுச் சுவரில் சாய்கிறாள். அவருடைய இடது கட்டைவிரல் மெல்லப் பூட்டைத் தேடிப் போகிறது. ஒரு சக்கரத்தை நகர்த்தி நிறுத்துகிறது, பிறகு அடுத்ததை. பூட்டு சொடுக்கென்று விடுபடுகிறது. அவள் குனிந்து எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். புரூனோ. பத்து வருஷம் முன்பு செத்துப்போன நாய். "பெத்த பிள்ளைங்க இல்ல, கட்டினவ இல்ல, அந்த நாய்தான் கிடைச்சுதா உங்களுக்கு?" அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணுகிறது, சிரிப்புதான். அவள் பையைத் திறக்கவில்லை. பூட்டை மறுபடி மாட்டி, எழுத்துகளைக் கலைத்து, அவர் கையில் வைக்கிறாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."