பதினோராம் அறையின் இணைப்பு

முதியோர் இல்லத்தில் வைஃபை மெதுவாக இருக்கிறதென்று மேலாளர், இணைய இணைப்புகளைச் சரிபார்க்கும் செல்வின் ராஜை வரவழைத்தார். ரவுட்டரில் இணைந்திருந்த கருவிகளின் பட்டியலைப் பார்த்தால், பதினோராம் அறை நல்லபெருமாளின் போன் மட்டும் பாதி வேகத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. "அவருக்கு மட்டும் எதுக்கு இவ்வளவு? நிறுத்திடுங்க சார்" என்றார் மேலாளர். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தனி எண் உண்டு. அதைத் தடைப்பட்டியலில் போட்டால் போதும். செல்வின் போட்டான். டீ குடித்துவிட்டுப் போய்விட்டான்.

மூன்று வாரம் கழித்து, கேபிள் மாற்ற வந்தபோதுதான் அந்த அறைக்குள் நுழைந்தான். நல்லபெருமாளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. "தினமும் அக்காகூட வீடியோல சைகையில பேசுவாரு. அந்தம்மாவுக்கும் பேச வராது. மத்தவங்கன்னா சாதாரணமா போன் போட்டுக்குவாங்க, இவரு என்ன செய்வாரு? இப்ப சரியா சாப்பிடுறதுகூட இல்ல" என்றாள் ஆயா ரெஜினா.

பெரியவர் போனை நீட்டி, ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: 'கெட்டுவிட்டதா?'

செல்வினால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேலாளரைக் கேட்காமலேயே மடிக்கணினியைத் திறந்து தடையை நீக்கினான். சற்று நேரத்தில் திரையில் ஒரு நரைத்த தலை தோன்றியது. அக்காவின் விரல்கள் படபடத்தன. நல்லபெருமாள் அழுதுகொண்டே செல்வினைச் சுட்டிக்காட்டிச் சைகையில் ஏதோ சொன்னார். அவள் அங்கிருந்தே இவனைக் கும்பிட்டாள்.

அதை அவனால் தாங்க முடியவில்லை. தாளை வாங்கி, 'போன் கெடவில்லை. நான்தான் நிறுத்திவைத்தேன்' என்று எழுதிக் கொடுத்தான். பெரியவர் இரண்டு முறை வாசித்தார். பிறகு அதைத் திரைக்கு நேராகப் பிடித்தார்.

கும்பிட்ட கைகள் மெல்லக் கீழே இறங்கின.