ஊதா யானை

படப் பத்திரிகையும் செய்தித்தாளும் ஒரே பையில் வீட்டுக்கு வந்தன.

"என் அட்டையிலேயே 'மூன்று முதல் ஐந்து வயது வரை'ன்னு போட்டிருக்கு. நான் சின்னவன் முகிலுக்கு," என்றது படப் பத்திரிகை.

"நான் அக்கா ஆதிரைக்கு. ஏழாவது படிக்கிறா," என்றது செய்தித்தாள்.

மழை தூறிய மதியம். முகில் செய்தித்தாளைக் கூடாரமாக்கி, எழுத்தெல்லாம் எறும்பு என்று தொட்டுத் தொட்டு அதற்குள்ளேயே தூங்கிப்போனான். ஆதிரை கதவைச் சாத்திவிட்டு, படப் பத்திரிகையிலிருந்த யானைக்கு ஊதா நிறம் தீட்டினாள். பாதியிலேயே அவளும் கண்ணயர்ந்தாள்.

கதவைத் திறந்து அம்மா வந்தாள்.

"மாட்டிக்கிட்டோம்! இனிமே நம்மளை வாங்கவே மாட்டாங்க," என்று செய்தித்தாள் நடுங்கியது.

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஊதாப் பென்சிலை எடுத்து, மிச்சமிருந்த வாலுக்கு நிதானமாக நிறம் தீட்டத் தொடங்கினாள்.

படப் பத்திரிகை தன் அட்டையைத் தரையோடு அழுத்தி, அதில் போட்டிருந்த வயதை மறைத்துக்கொண்டது.