சீமைக் கிருமி உரம்

ஈயம் தோண்டிப்போட்ட வெறும் மணலில் புடலங்காய் தொங்குவதைப் பார்க்க பிரிக்பீல்ட்ஸ் வட்டாரமே திரண்டு வந்தது. ரயில்வே கிளார்க் மாரிஸ் நெஞ்சை நிமிர்த்தினார்.

“எல்லாம் சீமையிலிருந்து வந்த கிருமி உரம்! போத்தலுக்குள்ள கோடிக்கணக்கான உயிர். நாத்தம் அடிக்கும்தான், ஆனா அது சயன்ஸ் நாத்தம். சாணி அள்ளுற பட்டிக்காட்டு வேலையெல்லாம் நமக்கு ஆகாது.”

ஹெட் கிளார்க் கார்த்திகேசு அசந்துபோனார். “எனக்கும் ஒரு போத்தல் தாரும், மாரிஸ்.”

போத்தல் எடுக்க உள்ளே போனவரை மனைவி பெர்னடெட் தடுத்தாள்.

“ஐயோ, குடுத்துடாதீங்க! கிருமின்னதும் பயந்துபோய், வந்த அன்னிக்கே எல்லாத்தையும் சாக்கடையில கொட்டிட்டேன். நீங்க திட்டுவீங்கன்னு, பக்கத்து மாட்டுக்கொட்டாய்ச் சாணித்தண்ணியை ரொப்பி வச்சேன்.”

மாரிஸ் வெளியே எட்டிப் பார்த்தார். வாசலில் ஊரே காத்து நின்றது. ஒரு போத்தலை வேட்டி நுனியால் பளபளவென்று துடைத்து எடுத்துவந்து, ஹெட் கிளார்க்கிடம் பணிவாக நீட்டினார்.

“தீர்ந்துபோனா கூச்சப்படாம கேளுங்கய்யா. நமக்குக் கப்பல்ல மாசாமாசம் வருது.”